ஆலய ஆராதனையில் அரசியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுவாரமே சபைகளில் இந்தக் கேள்விகள் கிளம்பிவிடும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று பல சபைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை, சி.எஸ்.ஐ. சபை ஒன்றில் மன்றாட்டு ஜெபம் (பிறருக்காக வேண்டும் ஜெபம்) நடத்தும் விசுவாசி. சட்டம் சொல்வதைச் சட்டமாகவும், என் கருத்தை என் கருத்தாகவும் சொல்கிறேன்.

ஆராதனையில் அரசியல் பேசலாமா, கூடாதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பேசலாம். சில ஞாயிறுகளில் பேசியே ஆக வேண்டும். ஆனால் வாக்கு கேட்கக் கூடாது.

கூலி கிடைக்காத பெண்கள், கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்கள், சாதியின் பெயரால் வெட்டப்பட்ட பையன் – இவர்களைப் பற்றி ஆலயத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? அதை அரசியல் என்று ஒருவர் சொன்னால் சொல்லட்டும். எந்தச் சின்னத்துக்கு நேரே இருக்கும் பொத்தானை அழுத்துவது என்பது மட்டும் வாக்காளரின் மனசாட்சிக்கு உரியது. அங்கே ஆயருக்கும் வேலை இல்லை, பாஸ்டருக்கும் வேலை இல்லை.

"எங்கள் சபையில் அரசியலே கிடையாது, ஆவிக்குரிய காரியம் மட்டும்தான்" என்கிறார்கள். அது நல்லதுதானே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தென்திருவிதாங்கூரின் பழைய சபைகள் அப்படி இருந்திருந்தால் இன்று நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர்களில் பலர் தலைநிமிர்ந்து ஆலயத்துக்குப் போயிருக்க முடியாது.

தோள்சீலைப் போராட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடார் முதலான சமூகப் பெண்கள் மேலாடை போடக் கூடாது என்று வழக்கமும் அரசும் சேர்ந்து தடுத்த காலம் அது. ஆண்டவர் சந்நிதிக்கு வரும் பெண் உடல் மறைத்து வரட்டும் என்று லண்டன் மிஷன் சபைகள் சொல்லின. 1818இல் நாகர்கோவில் வந்த மிஷனரி சார்லஸ் மீட் இதில் உறுதியாக நின்றவர். சந்தையில் பெண்களின் சேலையைக் கிழித்தார்கள். ஜெபவீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829இல் வந்த அரச அறிவிப்பு, உயர்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியும் உரிமையை மறுத்தது. 1859இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில்தான், அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு, மேலாடைக்கு அனுமதி வந்தது.

அன்றைக்கு ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரவிக்கை போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தது பக்தியா, அரசியலா? இரண்டையும் பிரிக்க முடியாது. "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று அந்தச் சபைகள் சொல்லியிருந்தால், அந்தப் பெண்ணைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியதாக ஆகியிருக்கும்.

மௌனத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

"இராயனுடையதை இராயனுக்கு" என்று இயேசுவே பிரித்துவிட்டாரே?

அந்த வசனத்தை முழுதாகப் படிக்க வேண்டும். வரி கட்டலாமா என்று கேட்டவர்கள் அவரைச் சிக்க வைக்கத்தான் கேட்டார்கள். அவர் ஒரு காசைக் காட்டச் சொன்னார். அதில் இருந்த உருவம் இராயனுடையது, அதாவது ரோமப் பேரரசனுடையது. காசு அவனுக்குப் போகட்டும், "தேவனுடையதைத் தேவனுக்கும்" செலுத்துங்கள் என்றார். தேவனுடைய சாயல் மனிதன் மேல் இருப்பதாக ஆதியாகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. அப்படியானால் மனிதனை இராயன் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வசனத்தை நான் வாசிப்பது இப்படித்தான்.

ரோமர் 13ஆம் அதிகாரம் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, உண்மை. அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்துக்கு முன் நின்று "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று சொன்னதும் அப்போஸ்தலர்கள்தான். பிரசங்க பீடத்தில் முதலாவதை மட்டும் வாசிக்கிறவர் இரண்டாவதையும் வாசிக்க வேண்டும்.

ஆயர் அல்லது பாஸ்டர் பீடத்திலிருந்து கட்சிப் பெயரைச் சொல்லி வாக்கு கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலிகள் உண்டு.

தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள், மசூதி, தேவாலயம், கோவில் முதலான வழிபாட்டு இடங்களைத் தேர்தல் பிரச்சார மேடையாக்கக் கூடாது என்கின்றன. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து முடியும் வரை இது நடப்பில் இருக்கும்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதைவிடக் கடுமையானது. அதன் 123ஆம் பிரிவு, மதத்தின் பெயரால் வாக்கு கேட்பதை முறைகேடாகக் கருதுகிறது. வேட்பாளரோ அவருடைய முகவரோ, அவர்கள் சம்மதத்தோடு வேறு ஒருவரோ அப்படிக் கேட்டது நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் இதை இன்னும் விரித்தது: வேட்பாளரின் மதம் மட்டும் கணக்கில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறுதான்.

அதே பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது. ஒவ்வொரு பாஸ்டரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய், அல்லது சபைத் தண்டனைக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது அவருடைய சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்கிறது சட்டம். இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. பஞ்சாபில் நாம்தாரி சீக்கியர்களின் குரு, ஒரு வேட்பாளருக்கு வாக்களிக்கும்படி தன் சீடர்களுக்குக் கட்டளை இட்டார். குருவின் கட்டளையை மீற முடியாத சீடருக்கு அது வேண்டுகோள் ஆகாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது. குருவுக்கும் சீடருக்கும் சொன்னது போதகருக்கும் விசுவாசிக்கும் பொருந்தாதா?

அப்புறம் 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறான பயன்பாட்டுத் தடைச் சட்டம். ஆலய வளாகத்தை அரசியல் செயலுக்குப் பயன்படுத்தினால் நிர்வாகிக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இதில் இடமுண்டு. இந்தச் சட்டம் "அரசியல் செயல்" என்பதற்குக் கொடுக்கும் விளக்கம் மிக அகலமானது. கட்சி வேலையோடு நிற்காமல் அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினையையும் கூட்டம் போட்டுப் பரப்புவதைக்கூட அது தொடுகிறது. மனமிருந்தால் ஓர் அரசு இதை எந்த மதத்தின் மீதும் திருப்ப முடியும். எனக்கு இது கவலை தரும் சட்டம்.

வேட்பாளர் ஞாயிறு ஆராதனைக்கே வந்துவிடுகிறாரே, என்ன செய்வது?

இது நடக்கும் விதம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் வேதபாடம் வாசித்து முடிக்கும் நேரத்தில் வாசலில் வண்டிகள் நிற்கும் சத்தம். கரைவேட்டிகள் ஏழெட்டு. கமிட்டி ஆட்கள் இருவர் பரபரப்பாக எழுந்து போவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களை "கொஞ்சம் தள்ளி உட்காருங்க பாட்டி" என்று நகர்த்துவார்கள். அறிவிப்பு நேரத்தில் செயலர் ஒரு சால்வையோடு தயாராக நிற்பார். "நம் சபைமேல் பாசமுள்ள அண்ணன் இரண்டே நிமிடம் பேசுவார்." இரண்டு நிமிடம் பத்தாகும். அவர் கிளம்பும்போது பாதி வாலிபர்கள் செல்ஃபிக்காகக் கூடவே கிளம்பிவிடுவார்கள். அதற்கப்புறம் திருவிருந்து.

பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தை உடுத்தவனை ஓரமாக நிற்கச் சொல்லாதீர்கள் என்று யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பாட்டியை நகர்த்திய கணத்தில் அந்த அதிகாரம் நம் கண்ணெதிரே மீறப்படுகிறது.

வேட்பாளர் வரட்டும். ஆலயக் கதவு எல்லாருக்கும் திறந்தது. இடமிருக்கும் பெஞ்சில் உட்காரட்டும், பாடட்டும், காணிக்கை போட விரும்பினால் எல்லாரையும் போலப் போடட்டும். மேடை, மைக், சால்வை மூன்றும் கிடையாது. ஆசீர்வாதம் முடிந்து வளாகத்துக்கு வெளியே, தெருவில் நின்று கைகுலுக்கிக் கொள்ளட்டும். எல்லாக் கட்சி வேட்பாளருக்கும் இதுதான் விதி என்று தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே கமிட்டியில் தீர்மானம் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் ஆயருக்குத் தர்மசங்கடம் இராது. வந்த பிறகு தடுக்கப் பார்த்தால் நிச்சயம் மனஸ்தாபம்தான்.

ஆலயச் சுற்றுச்சுவர் கட்ட நன்கொடை தருகிறேன், ஜெனரேட்டர் வாங்கித் தருகிறேன் என்று தேர்தல் மாதத்தில் வரும் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள். உண்மையான அன்பாக இருந்தால் முடிவு வந்த அடுத்த மாதமும் அது இருக்கும்.

அநீதியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்றால், அதைப் பிரசங்கத்தில் பேசுவதா?

பிரசங்கத்தில் பேசலாம். ஆனால் அதைவிடப் பொருத்தமான இடம் மன்றாட்டு என்பது என் அனுபவம். கத்தோலிக்கர்கள் விசுவாசிகளின் மன்றாட்டு என்பார்கள்.

பிரசங்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ஒருவர்தான் பேசுகிறார். யாரும் எழுந்து மறுக்க முடியாது. "ஐயா, நீங்கள் சொன்ன புள்ளிவிவரம் தப்பு" என்று சொல்ல அந்த நேரத்தில் வழியில்லை. மறுபேச்சுக்கு இடமில்லாத பீடத்தில் நின்றுகொண்டு, நல்ல மனிதர்களே இரண்டு விதமாக நினைக்கக்கூடிய ஒரு கொள்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. ஒரு திட்டத்துக்கு எவ்வளவு நிதி, எந்த வரி கூடாது, எந்தக் கூட்டணி சரி என்பதெல்லாம் அந்த ரகம். அவற்றை ஆராதனை முடிந்த பிறகு பாரிஷ் ஹாலில் நாற்காலி போட்டு, கேள்வி பதிலோடு பேசலாம். கொலை கொலைதான், தீண்டாமை தீண்டாமைதான், லஞ்சம் லஞ்சம்தான் என்பதில் இரண்டு கருத்து கிடையாது. அவற்றைப் பீடத்திலிருந்து தீர்க்கதரிசி ஆமோஸ் பேசியதுபோல் பேசலாம்: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது."

மன்றாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பேச்சு ஆண்டவரை நோக்கிப் போகிறது, கைதட்டலுக்கு வழியில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரமே கட்டளையிடுகிறது. நாம்தான் அதைச் சடங்காக்கி வைத்திருக்கிறோம். "எங்கள் பிரதமருக்கும் முதலமைச்சருக்கும் நல்ல ஞானத்தைத் தாரும்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நூறு நாள் வேலை செய்துவிட்டு மூன்று மாதமாகக் கூலி வராமல் காத்திருக்கும் எங்கள் தெருப் பெண்களை நினைத்தருளும். அந்தக் கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறதோ அவருடைய மனதைத் திறவும். கடன் கொடுத்த கடைக்காரருக்கும் பொறுமை தாரும்." எந்தக் கட்சியும் இதில் இல்லை. ஆனால் கேட்கிற பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த பெஞ்சில் இருந்தால் அவருக்கு உறைக்கும்.

எல் சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஞாயிறு மறையுரையில் அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களைச் சொல்லி வந்தார். வானொலி வழியே நாடே கேட்டது. 1980 மார்ச் 23 அன்று, மக்களைச் சுட வேண்டாம் என்று சிப்பாய்களிடமே நேரடியாகக் கெஞ்சினார். மறுநாள் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. செத்தவனின் பெயரை உரக்கச் சொல்வதே அவர் செய்த அரசியலில் பெரும்பகுதி. நம் பிரசங்கிகளுக்கு அவரைத்தான் முன்மாதிரியாகச் சொல்வேன்.

பேராயர்கள் தேர்தலுக்கு முன் அனுப்பும் சுற்றுமடலை ஆலயத்தில் வாசிக்கலாமா?

மடலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தவறாமல் வாக்களியுங்கள், பணம் வாங்காதீர்கள், அரசியல் சாசனத்தை மதிப்பவரைத் தேர்ந்தெடுங்கள் என்றால் தாராளமாக வாசிக்கலாம். 2017 நவம்பரில் காந்திநகர் பேராயர் தாமஸ் மக்வான், குஜராத் தேர்தலை ஒட்டி ஜெபிக்கச் சொல்லி ஒரு மடல் எழுதினார். சாசனத்துக்கு உண்மையாக இருப்பவர்கள் வர வேண்டும் என்பதோடு தேசியவாத சக்திகளிடமிருந்து நாட்டைக் காக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இருந்தது. தேர்தல் அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் பேச இடமிருந்திருக்காது என்று நினைக்கிறேன். பயம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் தேர்தல் வாரத்தில் அது ஒரு கட்சியைச் சுட்டுவதாகத்தான் வாசிக்கப்படும்.

எல்லை மீறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1957இல் வந்த ஈ.எம்.எஸ். அரசின் கல்வி மசோதா தனியார் பள்ளிகள்மேல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கத்தோலிக்கத் திருச்சபை, நாயர் சேவைச் சங்கம் முதலியவை சேர்ந்து நடத்திய விமோசன சமரத்தில் (விடுதலைப் போராட்டத்தில்) ஆலயங்களே திரட்டும் இடங்களாயின. அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1959 ஜூலை 31 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார்கள். பள்ளிகளின் உரிமைக்காகக் குரல் கொடுக்கத் திருச்சபைக்கு நியாயம் இருந்தது. மக்கள் வாக்களித்த அரசைக் கவிழ்க்கப் பீடத்தைப் பயன்படுத்த நியாயம் இல்லை.

அப்படியானால் இடிந்தகரை? அங்கே ஆலய வாசலிலேயே போராட்டம் நடந்ததே?

நடந்தது. 2011இல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் சூடுபிடித்தபோது, இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்துக்கு முன்னால் போட்ட பந்தல்தான் அதன் மையம். பீடி சுற்றும் பெண்களும் மீனவக் குடும்பங்களும் நாள் கணக்கில் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர்மேல் தேசத்துரோக வழக்கு வரை பாய்ந்தது. தூத்துக்குடி மறைமாவட்டத்தோடு தொடர்புள்ள தொண்டு அமைப்பின் வெளிநாட்டு நிதிக் கணக்கை 2012இல் மத்திய அரசு முடக்கியது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது.

அணுமின் நிலையம் வேண்டுமா என்பதில் என் சபையிலேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் கடற்கரை ஊரின் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பந்தல் அங்கே வந்ததில் வியப்பிருக்காது. அங்கே ஆலய முற்றம்தான் ஊரின் பொது இடம். ஏலக் கணக்கு, வழக்கு, திருவிழா எல்லாம் அங்கேதான். தங்கள் உயிரைப் பற்றிப் பயந்த மக்கள் அங்கே கூடாமல் வேறு எங்கே கூடுவார்கள்? கட்சிக்காரர்கள் வந்து போனார்கள். ஆனால் பந்தல் எந்தக் கட்சியுடையதும் ஆகவில்லை.

2017 ஒக்கிப் புயலிலும் இதைப் பார்த்தோம். கடலில் சிக்கியவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தபோது, பங்குத்தந்தையர் அவர்களோடு இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் மேற்றிராசன (மறைமாவட்ட) இல்லத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மக்கள் மன்னித்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தால்தானே நமக்குப் பாதுகாப்பு?

நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை நம்மைவிட ஆழமாக யோசித்திருக்கிறார்கள். 1930களில் கிறிஸ்தவர்களுக்கு அவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித்தொகுதி என்ற பேச்சு வந்தது. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதை எதிர்த்தார். சேலத்துக்காரரான கிறிஸ்தவத் தலைவர் கே.டி. பால், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அதே நிலையில் நின்றார். 1949இல் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது, சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா அடிகள் அதை ஆதரித்தார். நாட்டு மக்களோடு மக்களாக நிற்பதுதான் கிறிஸ்தவருக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் நம்பினார்கள்.

வாக்கை மொத்தமாகக் கட்டி ஒருவர் கையில் கொடுத்தால், அதற்குப் பேரம் பேசும் இடைத்தரகர்கள் சபைக்குள் முளைப்பார்கள். பல ஊர்களில் முளைத்தும்விட்டார்கள்.

"இன்ன தலைவர் ஆட்சிக்கு வருவார் என்று கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று சில பாஸ்டர்கள் சொல்கிறார்களே?

வேண்டாம். பலிக்காத தீர்க்கதரிசனத்தைப் பற்றி உபாகமம் 18ஆம் அதிகாரம் சொல்வதை அவர்களே திறந்து வாசிக்கட்டும். தேர்தல் நேரத்தில் அப்படிச் சொல்வது, மேலே சொன்ன "கடவுளின் கோபம்" வாசகத்துக்கு மிக அருகில் போய் நிற்கும்.

சபைக்கு வெளியே உள்ள அரசியலை விடுங்கள். எங்கள் சேகரத் (ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகளின்) தேர்தலே சட்டமன்றத் தேர்தல் மாதிரி நடக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாக வேண்டிய கேள்வி இதுதான்.

"ஆலயத்தில் அரசியல் வேண்டாம்" என்று மேடையில் சொல்லும் அதே மனிதர் திருமண்டலத் (பேராயரின் கீழ் உள்ள மொத்தப் பகுதியின்) தேர்தலில் அணி கட்டுகிறார். கலர் நோட்டீஸ், வேன், பிரியாணி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பு, பெயர் நீக்கம், கடைசியில் நீதிமன்றம். பள்ளி, கல்லூரி வேலை நியமனம் யார் கையில் இருக்கும் என்பதற்கான சண்டை அது. அந்த அணிகள் பெரும்பாலும் சாதியாலும் ஊராலும் பிரிந்தவை என்பதும் எல்லாருக்கும் தெரியும். பொது ஆராதனையில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை.

1933 ஜூலையில் ஜெர்மனியில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். ஹிட்லர் அங்கே சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) திருச்சபையைப் பிடிக்கப் பட்டாளத்தை அனுப்பத் தேவைப்படவில்லை. சபைத் தேர்தல் ஒன்று போதுமானதாக இருந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு அவரே வானொலியில் பேசினார். நாஜி ஆதரவு அணி மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வென்றது. ஆலயங்களுக்குள் கட்சிக் கொடி வந்தது. மறு ஆண்டு பார்மென் நகரில் கூடிய சிறு கூட்டம்தான், திருச்சபையின் ஆண்டவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கையிட்டது. உள்ளே நியாயமில்லாத சபையை வெளியே இருக்கும் எந்தக் கட்சியும் சுலபமாக வாங்கிவிடும்.

சாதியையும் இங்கேயே பேசிவிடுகிறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. ஆண்டுதோறும் அந்த நாளைத் திருச்சபைகள் எதிர்ப்பு நாளாக அனுசரிக்கின்றன, ஆராதனையிலும் நினைவுகூர்கின்றன. அது முழுக்க நியாயமான கோரிக்கை. ஆனால் 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு (தங்களுக்கென்று தனி ஆலயச் சபை) கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அதை ஒட்டிய மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் உட்காரவும், கல்லறையில் பக்கத்தில் கிடக்கவும் மறுக்கிற சபை, டெல்லியிடம் நீதி கேட்கும்போது குரல் தழுதழுக்கத்தான் செய்யும். ஆகஸ்ட் 10 மன்றாட்டில் அரசுக்காக ஒரு வரி இருந்தால், நம் சபைக்கான பாவ அறிக்கையாக இரண்டு வரி இருக்கட்டும்.

தேசியக் கொடி, சுதந்திர தின ஜெபம் எல்லாம் அரசியல் ஆகாதா?

ஆகாது. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புப் பெருவிழாவும் என்பதால் கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி முடிந்து வளாகத்தில் கொடியேற்றுவது வழக்கம். "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம் பண்ணுங்கள்" என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்கே எரேமியா எழுதினார். கட்சிக் கொடி கட்டிய வண்டி வளாகத்துக்குள் நிற்பதுதான் தவறு.

வாக்காளர் பட்டியல், வாக்குப்பதிவு பற்றி அறிவிப்புக் கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். பட்டியலில் பெயர் சரிபார்க்க முகாம் நடந்தால் சொல்லுங்கள். முடிந்தால் ஆராதனை முடிந்ததும் நாலு வாலிபர்களை லேப்டாப்போடு உட்கார வையுங்கள். முதியவர்களை எல்லா மதத்தாரும் சேர்ந்து பூத்துக்கு அழைத்துப் போக ஆட்டோ ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால் மட்டும் தேர்தல் அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாகனம் விஷயத்தில் விதிகள் கறாரானவை. 2019இல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு பெரிய வியாழனன்று (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) வந்தது. அதுபோல் வந்தால் ஆராதனை நேரத்தை மாற்றி வைத்து மக்களை அனுப்புங்கள்.

எங்கள் ஆயர் நேரடியாகவே ஒரு கட்சிக்கு வாக்கு கேட்டுவிட்டார். நான் என்ன செய்யட்டும்?

ஆராதனை நடுவில் எழுந்து கத்தாதீர்கள், வீடியோவை வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். அன்று மாலையோ மறுநாளோ குருமனைக்கு (ஆயர் வீட்டுக்கு) நேரில் போங்கள். "ஐயா, நான் வேறு கட்சிக்குப் போடுகிறவன். நேற்று உங்கள் கையில் அப்பமும் ரசமும் வாங்க வந்தபோது எனக்குத் தயக்கமாக இருந்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பல ஆயர்கள் அதிலேயே புரிந்துகொள்வார்கள். மேலிடத்து நெருக்கடியில் பேசியதாகச் சொல்லவும் செய்வார்கள். கத்தோலிக்கராக இருந்தால், குருக்கள் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 287 சொல்வதை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

கேட்கவில்லையென்றால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியைப் பேராயருக்கு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாமல் அடுத்த ஞாயிறும் அதே பேச்சு தொடர்ந்தால், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற புகார்ச் சேவை வழியாகப் புகார் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கட்சிக்கு ஆதரவாக ஆயர் பேசினாலும் இதே படிகளில்தான் ஏற வேண்டும்.